கழற்றும் வேகத்தைவிடப் பொருந்தும் நேர்த்தியே முதன்மை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அமெரிக்கத் தரைப்படை 2022ஆம் ஆண்டில் தேர்ந்தெடுத்த புதிய துப்பாக்கி, குழல் முனையில் மாட்டி வெடியோசையைக் குறைக்கும் ஒலித்தணிப்பானோடு சேர்த்தே வழங்கப்படுவது பற்றித் தங்கள் நாளிதழில் அண்மையில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஒலித்தணிப்பான்களில் நொடியில் மாட்டிக் கழற்றும் வகையே எல்லாவற்றிலும் சிறந்தது என்று அதில் ஒரு வரி இருந்தது. இளமையில் சிங்கப்பூரின் கட்டாயப் படைப்பணியான தேசிய சேவையில் துப்பாக்கி ஏந்தி, பின்னர் முப்பது ஆண்டுகள் ஜூரோங்கில் கடைசல் பொறியில் மரை (திருகுப் புரி) வெட்டிப் பிழைத்தவன் என்ற முறையில், அந்த வரியை என்னால் ஏற்க இயலவில்லை.

தணிப்பானைக் குழல் முனையில் மாட்டும் மரை இறுக்கிப் பிடிக்குமே தவிர, நடுவப்படுத்தாது. எந்த மரையிலும் சிறிது இடைவெளி இருந்தே தீரும் என்பதால், தணிப்பான் குழலோடு ஒரே நேர்கோட்டில் நிற்பதை முடிவு செய்வது, மரை முடியும் இடத்தில் அது முட்டி நிற்கும் தோள்தான். பதினைந்து மில்லிமீட்டர் அகலமுள்ள அந்தத் தோளின் ஒரு பக்கம் 0.05 மில்லிமீட்டர் உயர்ந்திருந்தால், 180 மில்லிமீட்டர் நீளமுள்ள தணிப்பானின் மறுமுனை 0.6 மில்லிமீட்டர் விலகிவிடும். உள்ளே தோட்டாவைச் சுற்றியுள்ள இடைவெளியே பொதுவாக ஒரு மில்லிமீட்டர் அளவில்தான் இருக்கும். விலகல் சற்று மிகுந்தாலும் தோட்டா, தணிப்பானுக்குள் வெடிவாயுவை மட்டுப்படுத்தும் தடுப்புத் தட்டில் உரசும்.

நேரடியாக மரையில் திருகும் வகையில் பாகங்கள் குறைவு, எடையும் குறைவு. ஆனால் சூட்டாலும் அதிர்வாலும் அது மெல்ல மெல்லத் தளரும் என்பதால், சுடுபவர் இடையிடையே நிறுத்தி இறுக்கம் பார்க்க வேண்டும். சுடர் மறைப்பானின் (குழல் முனையில் வெடிச்சுடரைக் குறைக்கும் பாகம்) மேல் பூட்டிக்கொள்ளும் வகை விரைவானது. ஆயினும் பூட்டில் தேய்மானம் வந்தால் ஆட்டம் கொடுக்கும், கரி படிந்தால் கழலாமல் அடம்பிடிக்கும். என் கருத்தில், கூம்பு போன்ற சாய்வு இருக்கையில் அமர்ந்து மரையால் இறுகும் வகையே மேலானது. சாய்வுப் பரப்பு தானாகவே நடுவத்தைத் தேடிக்கொள்வதோடு, வெடிவாயு மரைக்குள் கசிவதையும் பெருமளவு தடுக்கிறது. எங்கள் பட்டறையில் துளைக்கருவிகளைச் சாய்வுப் பிடியில் செருகியதும் இதே காரணத்துக்காகத்தான். தணிப்பானைப் பொருத்தியதும் தோட்டா விழும் இடம் சற்று மாறுவது இயல்பு. கழற்றி மாட்டும் ஒவ்வொரு முறையும் அது ஒரே அளவில் மாறினால் வீரர் குறியைத் திருத்திக்கொள்வார், நாளுக்கொரு விதமாக மாறினால் அவரால் ஒன்றும் செய்ய இயலாது.

இங்கே உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருப்பது கடும் குற்றம். ஆகவே இது கடையில் வாங்குவோருக்கான ஆலோசனை அன்று. ஆனால் நம் பிள்ளைகள் ஈராண்டு துப்பாக்கி ஏந்துகிறார்கள். அவர்கள் படிக்கும் நாளிதழில், ஓசையே இராது என்று எண்ணவைக்கும் ‘சைலன்சர்’ என்ற சொல் வருவது எனக்குக் கவலை அளிக்கிறது. 1909ஆம் ஆண்டில் இக்கருவிக்குக் காப்புரிமை பெற்ற அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர் ஹைரம் பெர்சி மாக்சிம் விற்பனைக்காகச் சூட்டிய பெயர் அது. 160 டெசிபலைத் தொடும் வெடியோசையில் அந்தக் கருவி ஏறத்தாழ முப்பது டெசிபலைக் குறைக்கலாம். ஒலியைவிட வேகமாகப் பாயும் தோட்டா காற்றைக் கிழிக்கும் ஓசையை அதனால் ஒன்றும் செய்ய முடியாது. எஞ்சும் ஓசையே காதைக் கெடுக்கப் போதுமானது. ஆகவே ‘ஒலித்தணிப்பான்’ என்றே எழுதுமாறும், அது பொருத்தப்பட்டிருந்தாலும் காதடைப்பான் அணிந்தே சுட வேண்டும் என்பதை அடுத்த கட்டுரையில் சேர்க்குமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஜூரோங் வெஸ்ட் வாசகர்