கறையும் திரையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஈஸ்டருக்கு முந்தின லெந்து நோன்பு முடிந்ததும் பாளையங்கோட்டையில் கல்யாணங்கள் தொடங்கிவிட்டன. முப்பது வருஷமாகக் கல்யாண ஜாக்கெட் தைக்கிறவள் நான். அந்த உரிமையில் பிரசங்கம் முதல் பந்தி வரை எதையும் விடுவதில்லை. போன வாரமும் பைபிளில் எபேசியர் 5-ஆம் அதிகாரம்தான். சபைப் போதகரான ஐயர், மனைவி கீழ்ப்படிய வேண்டும் என்பதிலேயே கால் மணி நேரம் நின்றார். புருஷன் பங்கு வந்ததும் கடிகாரத்தைப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்து எண்ணினேன். மனைவிக்கு 22 முதல் 24 வரை மூன்றே வசனம். 25 முதல் 33 வரை, கடைசி வசனத்தின் பின்பாதி போக, எல்லாம் புருஷனுக்கு: கிறிஸ்து சபையில் அன்புகூர்ந்ததுபோல நீயும் அன்புகூரு என்று.

அதில் 27-ஆம் வசனத்தில் "கறைதிரை" என்று வருகிறது. திரை என்றால் சுருக்கம். தையல்காரிக்கு இரண்டுமே எதிரி. பட்டு ஜாக்கெட்டில் ஒரு சொட்டு மெஷின் எண்ணெய் பட்டுவிட்டால் அன்றைக்குச் சோறு இறங்காது. பவுடரைத் தூவி வைத்துவிட்டு, கறை போகிறதா என்று ராத்திரியெல்லாம் எழுந்து எழுந்து பார்ப்பேன். வேறு துணி கொண்டு வாருங்கள் என்று சொல்ல முடியுமா? கிறிஸ்துவும் கறையில்லாத மணவாட்டியைத் தேடிப் பிடித்ததாக அங்கே இல்லை. தம்மையே கொடுத்து, அவரே கழுவி எடுத்தார் என்றுதான் இருக்கிறது. அந்த மணவாட்டி சபையாகிய நாங்கள்தான். சபைக் கமிட்டித் தேர்தல் வந்தால் நாங்கள் நிற்கிற நிலை ஊருக்கே தெரியும். அப்படியும் அவர் எங்களைத் தள்ளிவிடவில்லை. நாமோ நிறம் பார்த்து, பவுன் பேசி முடித்து, அப்புறம் கர்த்தர் சேர்த்துவைத்தார் என்று பத்திரிகை அடிக்கிறோம்.

இந்த ஊர்ச் சபையின் தொடக்கத்தைப் பாருங்கள். பிராமணப் பெண்ணான குளோரிந்தா அம்மாள் ஓர் ஆங்கிலேய அதிகாரியோடு கல்யாணம் ஆகாமல் வாழ்ந்தவர். அதனாலேயே மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் முதலில் ஞானஸ்நானம் கொடுக்க மறுத்தார். அந்த அதிகாரி இறந்தபின் 1778-இல் கொடுத்தார். 1780-இல் எழுதிய சபைப் பட்டியலில் 40 பேர். முதல் பெயர் இந்த அம்மாளுடையது. 1785-இல் அவர் கட்டிய கோயிலைத்தான் பாப்பாத்தியம்மாள் கோயில் என்கிறோம். இன்றைக்கு அவரைப் பெண் பார்க்க வந்தவர்கள் வாசலோடு திரும்பியிருப்பார்கள்.

அடுத்த மாதம் என் அக்கா மகளுக்குக் கல்யாணம். 25-ஆம் வசனத்தில் ஆரம்பியுங்கள் ஐயரே, நேரம் மிஞ்சினால் 22-க்குப் போகலாம் என்று கேட்டிருக்கிறேன். சிரித்தார். சரி என்று இன்னும் சொல்லவில்லை.

– தையல்காரி ஒருத்தி,
பாளையங்கோட்டை