காருக்கு வழிகாட்டிப் பெட்டி வாங்குபவர்கள் கவனத்துக்கு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தீபாவளியை ஒட்டி வந்த உங்கள் மோட்டார் இணைப்பில், காருக்குப் பொருத்தும் திரைப் பெட்டிகளைப் பற்றி ஒரு முழுப் பக்கம் போட்டிருந்தீர்கள். ஒன்பது இஞ்ச்சா பத்து இஞ்ச்சா, ராம் எவ்வளவு, பாட்டு எப்படிக் கேட்கும், பின்பக்கக் கேமரா உண்டா என்றெல்லாம் விவரமாக இருந்தது. வழி காட்டுவதைப் பற்றி மட்டும் 'ஜிபிஎஸ் வசதி உண்டு' என்று ஒரே வரி. அந்த ஒரு வரியை நம்பிப் பணத்தைப் போட்டுவிட்டு, அப்புறம் யோசனை கேட்டு வருகிறவர்கள் எங்கள் பக்கம் நிறையப் பேர். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் கால்நடை மருத்துவர். சென்னிமலை, அறச்சலூர், பெருந்துறை சுற்றுவட்டாரத்தில் தொழில். இங்கே குடியானவர்கள் பாதிப் பேர் ஊருக்குள் இருக்க மாட்டார்கள், அவரவர் தோட்டத்துச் சாளையில், அதாவது தோட்டத்து வீட்டில்தான் இருப்பார்கள். தெருப் பெயர் கிடையாது. கதவு எண் இருந்தாலும் அதை வைத்து யாராலும் இடத்தைக் கண்டுபிடிக்க முடியாது. மேக்காலத் தோட்டம், பள்ளத்துத் தோட்டம் என்று ஊருக்கு ஊர் அதே பெயர்கள். புதூர் என்றால் எந்தப் புதூர் என்று கேட்டாக வேண்டும். மாடு கன்று போட முடியாமல் கிடக்கிறது என்று ராத்திரி பதினொரு மணிக்கு போன் வந்தால், வழி கேட்க ரோட்டில் ஆள் இருக்காது. அந்த நேரத்தில் மருந்துப் பைக்கு அடுத்தபடியாக நான் நம்பியிருப்பது வழிகாட்டிப் பெட்டியைத்தான்.

கடையில் போய் 'ஜிபிஎஸ் வேணும்' என்று மட்டும் கேட்டால் இரண்டு வேறு சாமான்களில் எதை வேண்டுமானாலும் எடுத்துத் தருவார்கள். ஒன்று, வண்டி எங்கே நிற்கிறது என்று அதன் முதலாளிக்குக் காட்டுவது. பள்ளி வேன்களிலும் வாடகை வண்டிகளிலும் மாட்டியிருப்பது அதுதான். இன்னொன்று, ஓட்டுகிறவருக்கு வழி சொல்வது. எனக்குத் தெரிந்த ஒரு மஞ்சள் வியாபாரிக்கு முதலாவதை மாட்டி அனுப்பிவிட்டார்கள். 'ஏனுங் டாக்டரம்மா, இது வாயே தொறக்க மாட்டேங்குதுங்களே' என்று என்னிடம் வந்து வருத்தப்பட்டார். இதை விளக்கிச் சொல்ல வேண்டியது விற்கிறவர் பொறுப்பு.

சரி, வழி சொல்லும் பெட்டிக்கே வருவோம். செயற்கைக்கோள் சமிக்ஞைக்கு சிம் வேண்டாம், நெட் வேண்டாம், மாதக் கட்டணமும் வேண்டாம். சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிற அமெரிக்க ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களில் நான்கின் சமிக்ஞை கிடைத்தால் போதும், நாம் இருக்கும் இடத்தைப் பெட்டி கணக்குப் போட்டுவிடும். ரஷ்யாவின் குளோனாஸ், நம் நாட்டின் நாவிக் ஆகியவற்றையும் சேர்த்துப் பிடிக்கிற பெட்டி என்றால் இன்னும் நல்லது. ஆனால் அந்தக் கணக்கில் கிடைப்பது வெறும் எண்கள். அவை எந்த ரோட்டில் விழுகின்றன, அடுத்து எங்கே திரும்ப வேண்டும் என்று சொல்வது வரைபடம். அந்த வரைபடம் பெட்டிக்குள்ளேயே இருக்கிறதா, இல்லை ஒவ்வொரு தடவையும் போனில் ஹாட்ஸ்பாட் போட்டு இழுக்க வேண்டுமா? வாங்குகிறவர் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான். ஆண்ட்ராய்டு பெட்டி விற்கும் கடைகளில் பெரும்பாலும் 'ஜிபிஎஸ் உள்ளேயே இருக்குதுங்க' என்பார்கள். அது உண்மைதான். சமிக்ஞை வாங்கும் சில்லு உள்ளே இருக்கும், வரைபடம் இருக்காது.

பண்ணாரி தாண்டித் திம்பம் மலைப்பாதையில் ஏறுகிறவர்களுக்கு இது சட்டென்று தெரிந்துவிடும். 27 கொண்டை ஊசி வளைவு, பல இடங்களில் போனுக்கு டவர் கிடையாது. வால்பாறை போகும் 40 வளைவுகளிலும் இதே கதைதான். வரைபடம் உள்ளே இருக்கிற பெட்டி அங்கேயும் நிற்காமல் வழி சொல்லும். மற்றது அம்புக்குறியை வெள்ளைத் திரையில் நிறுத்திவிடும். கூகுள் மேப்பைப் பயன்படுத்துகிறவர்கள் கிளம்புவதற்கு முன்னால் வீட்டிலேயே அந்தப் பகுதியை இறக்கி வைத்துக்கொண்டால் கார் போகிற வழியை நெட் இல்லாமலே சொல்லும், போக்குவரத்து நெரிசல் மட்டும் தெரியாது. ஒன்று கவனம்: திம்பத்தில் 2022 பிப்ரவரியிலிருந்து இரவு நேரக் கட்டுப்பாடு இருக்கிறது. பெட்டி வழி காட்டுகிறது என்பதற்காக இருட்டியபின் சோதனைச் சாவடியில் போய் நிற்கக் கூடாது.

வரைபடம் உள்ளேயே இருக்கிறது என்று சொன்னால், அது எந்தக் காலத்து வரைபடம்? கடையிலேயே பார்த்துவிடலாம். கோவை அவிநாசி ரோட்டில் கோல்ட்வின்ஸிலிருந்து உப்பிலிபாளையம் வரை 10.1 கிலோமீட்டருக்கு ஜி.டி. நாயுடு மேம்பாலம் 2025 அக்டோபரில் திறந்தார்கள். போனில் ஹாட்ஸ்பாட்டை அணைத்துவிட்டு, பெட்டியில் அந்த இடத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். மேம்பாலம் இல்லையென்றால் வரைபடம் அதற்கு முந்தியது. புதுப்பிக்க எவ்வளவு பணம், எத்தனை வருடத்துக்கு இலவசம் என்று அங்கேயே கேட்டு, பில்லில் எழுதி வாங்குங்கள். இன்னொரு விஷயம், பாலத்துக்கு மேலே போகிறோமா கீழே போகிறோமா என்பதில் நல்ல பெட்டிக்கே தடுமாற்றம் வரும். மேலும் கீழும் ஒரே இடம் என்பதுதான் காரணம். அங்கே பலகையைப் பார்த்து ஓட்டுவதுதான் சரி.

அடுத்தது ஆன்டெனா. இதைப் பற்றி யாருமே பேசுவதில்லை, எனக்கோ இதுதான் பெரிய விஷயம். பெட்டியோடு தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்புச் சதுரம் நீளமான வயரோடு வரும், அடியில் காந்தம் இருக்கும். அது வானத்தைப் பார்த்து இருக்க வேண்டும். பல கடைகளில் பொருத்துகிற பையன்கள் வேலை சீக்கிரம் முடியட்டும் என்று அதை ஸ்டீரியோவுக்குப் பின்னால், இரும்புச் சட்டத்துக்கு அடியில் செருகிவிடுகிறார்கள். உலோகத்துக்கு அடியில் சமிக்ஞை போகாது. அப்புறம் அம்புக்குறி ரோட்டை விட்டுக் காட்டுக்குள் ஓடும், திரும்ப வேண்டிய இடம் தாண்டியபின் 'இடதுபுறம் திரும்பவும்' என்று சொல்லும். பெட்டி சரியில்லை என்று திருப்பிக் கொடுக்கக் கிளம்புவார்கள். டேஷ்போர்டின் மேல்புறம், கண்ணாடிக்கு அருகில், வெறும் பிளாஸ்டிக்குக்குக் கீழே அந்தச் சதுரத்தை வைக்கச் சொல்லுங்கள். முன்கண்ணாடியில் உலோகம் கலந்த ஃபிலிம் ஒட்டியிருந்தால் அதுவும் தடுக்கும். மாட்டிய அன்றே பக்கத்தில் நின்று பார்த்து வாங்கிக்கொள்வது நல்லது. நெட் இல்லாத பெட்டி முதல் தடவை இடம் பிடிக்கச் சில நிமிடம் எடுக்கும், அதற்குப் பதற வேண்டாம்.

தகரக் கொட்டகைக்கும் இதே கதிதான். எங்கள் பக்கம் ஓடுகிற கீழ்பவானி வாய்க்கால் பவானிசாகரில் தொடங்கி 200 கிலோமீட்டர் போகிறது. பல இடங்களில் இரண்டு கரையிலும் வண்டித் தடம் உண்டு, பாலம்தான் எங்கோ ஒன்று இருக்கும். திறந்த வெளியில் நல்ல போன் சுமார் 5 மீட்டருக்குள் இடம் சொல்லும். தகரத்துக்கு அடியில் நின்று லொகேஷன் அனுப்பினால் அது எங்கேயோ தள்ளிப் போய்விடும். வாய்க்காலை ஒட்டிய தோட்டக்காரர் மாட்டுக் கொட்டகைக்குள் நின்றபடியே அனுப்ப, புள்ளி எதிர்க்கரையில் விழுகிறது. பெட்டி அங்கே கொண்டுபோய் விட்டுச் 'சேருமிடம் வந்துவிட்டது' என்கிறது. தண்ணீருக்கு அந்தப் பக்கம் டார்ச் அடித்துக்கொண்டு நிற்கிறார்கள். அங்கே கன்றின் ஒற்றைக் கால் மட்டும் வெளியே வந்த நிலையில் மாடு முக்கிக்கொண்டிருக்கும், நான் பாலம் தேடிச் சுற்ற வேண்டும். அதனால் கூப்பிடுகிற எல்லோரிடமும் சொல்வேன்: 'களத்துக்கு வா சாமி, மேல வானம் தெரியற எடத்துல நில்லு. மேப்புல நீல வட்டம் சுருங்கட்டும், அப்புறம் அனுப்பு.' அந்த வட்டம் சுருங்கினால் போன் இடத்தைச் சரியாகப் பிடித்துவிட்டது என்று அர்த்தம்.

ஆகவே, பெட்டி வாங்கும்போது போனுக்கு வந்த லொகேஷனை அது நேரடியாக வாங்கிக்கொள்ளுமா, அட்சரேகை தீர்க்கரேகை எண்ணை அடித்தால் எடுத்துக்கொள்ளுமா என்று பாருங்கள். கதவு எண் மட்டும் கேட்கிற பெட்டி தோட்டக்காட்டுக்கு உதவாது. அஞ்சல் துறை 2025-இல் டிஜிபின் கொண்டுவந்திருக்கிறது. நாட்டையே சுமார் 4 மீட்டருக்கு 4 மீட்டர் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் பத்து எழுத்துக் குறியீடு. சாளையில் இருப்பவர்கள் தங்கள் குறியீட்டை ஒரு தடவை எடுத்து வாசல் சுவரில் எழுதி வைத்தால், எனக்கு மட்டுமில்லை, 108 வண்டிக்கும் சொல்லலாம். பெட்டி செய்கிறவர்கள் இதையும் சேர்க்க வேண்டும்.

'குறுகிய தூரம்' என்ற அமைப்பை மாற்ற முடிகிறதா என்பதும் முக்கியம். அதை அப்படியே விட்டால் இட்டேரிக்குள், அதாவது வேலிகளுக்கு நடுவே போகிற குறுகலான மண் தடத்துக்குள் கொண்டுபோய் விட்டுவிடும். இரண்டு பக்கமும் கிளுவை வேலி, காரைத் திருப்ப இடம் இருக்காது, மழை பெய்திருந்தால் சக்கரம் புதையும். தமிழில் சொல்லுமா, உச்சி வெயிலில் திரை தெரியுமா என்பதைக் கடைக்கு வெளியே நிற்கும் காரில் உட்கார்ந்து பார்த்துவிடலாம்.

இவ்வளவு செலவு வேண்டாம் என்பவர்களுக்குப் போனும் ஒரு நல்ல ஸ்டாண்டும் போதும். 2020 அக்டோபரில் அமலான விதித் திருத்தப்படி, ஓட்டும்போது கையடக்கக் கருவியை வழி பார்க்க மட்டும், கவனம் சிதறாதபடி பயன்படுத்தலாம். மடியில் வைத்துக் குனிந்து பார்ப்பது ஆபத்து. குருவாயூர் போகிறவர்களுக்குக் குதிரான் சுரங்கப் பாதையில் போன் கொஞ்ச நேரம் இடத்தைத் தொலைக்கும். சக்கரத்தின் வேகத்தைப் படித்துக் கணக்குப் போடுகிற, காரோடு வந்த பெட்டிகள் உள்ளேயும் ஓடிக்கொண்டிருக்கும்.

அடுத்த இணைப்பில் ஒவ்வொரு பெட்டிக்கும் வரைபடம் உள்ளே உண்டா, யாருடையது, எத்தனை வருடம் புதுப்பிப்பார்கள் என்பதையும் போடுங்கள். உங்கள் நிருபரையே ஒரு காரில் அனுப்பி, போனை அணைத்துவிட்டுப் பகல் நேரத்தில் பண்ணாரியிலிருந்து ஆசனூர் வரை ஓட்டிப் பார்த்து எழுதச் சொல்லுங்கள். எங்கள் ஆட்கள் அதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போவார்கள்.

இப்படிக்கு,
கால்நடை மருத்துவர்,
சென்னிமலை, ஈரோடு மாவட்டம்.