வௌவாலும் ஆற்றுச் சிங்கி இறாலும்

அன்புள்ள மகன் ரவிக்கு,

அப்பா எழுதுவது. எல்லோரும் சுகம். ஹட்டனில் மழை விட்டபாடில்லை.

நீ அனுப்பிய ஆற்றுச் சிங்கி இறாலின் படம் கிடைத்தது. கொடுக்கின் அடிப்பக்கம் வெளுத்திருப்பதுதான் இங்கிலாந்தின் சொந்த இனத்துக்கு அடையாளம் என்று எழுதியிருந்தாய். அதே கிழமை கனடாவிலிருந்து அக்கா ஒரு வௌவால் படம் அனுப்பினாள். சின்னப் பழுப்பு வௌவால், மூக்கைச் சுற்றி வெள்ளையாகப் பங்கசு. இரண்டுமே அழியும் நிலையில் உள்ளவை.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு விசித்திரம் தெரிகிறது. ஐரோப்பிய வௌவால்கள் சுமந்தும் சாகாத பங்கசு, அமெரிக்காவில் 2006இல் முதலில் தென்பட்டு, அங்குள்ளவற்றை லட்சக்கணக்கில் கொன்றது. அமெரிக்கச் சிங்கி இறால் சுமந்தும் சாகாத நீர்ப்பூஞ்சணமோ ஐரோப்பிய இனத்தைக் கொல்கிறது. பண்டமாற்றுச் செய்துகொண்ட மாதிரி! வளர்த்து விற்கலாமென்று 1970களில் அந்த அமெரிக்க இனத்தை உங்கள் பக்கம் கொண்டுவந்தார்களாம். அது தப்பி ஆற்றில் இறங்கிவிட்டது.

நமக்கு இது புதுக் கதையா? லயத்துக்குப் பின்னால் நிற்கும் கோப்பி மரத்தின் இலையைத் திருப்பினால் விரலில் செம்மஞ்சள் தூள் ஒட்டுமே, அதுவும் பங்கசுதான். 1869இல் இலங்கையில் தலைகாட்டி, கோப்பித் தோட்டங்களை ஒழித்துக்கட்டியது. அதற்குப் பிறகுதான் இந்த மலை முழுக்கத் தேயிலை.

வௌவால் சாகிற விதம் கொடுமை. குளிர்கால உறக்கத்தில் கிடப்பதைப் பங்கசு அடிக்கடி எழுப்பிவிடும். எழும்பும்போதெல்லாம் சேர்த்து வைத்த கொழுப்பு கரையும். வெளியே பனி, ஒரு பூச்சி கிடையாது. பட்டினிதான். வருஷத்துக்கு ஒரே குட்டி என்பதால் இழந்ததை ஈடுகட்ட வெகுகாலம் ஆகும். ஆனாலும் சில இடங்களில் தப்பியவை நிலைத்து நிற்கின்றன. அதனால் எனக்கு வௌவாலில் கொஞ்சம் நம்பிக்கை உண்டு. சிங்கி இறாலில் அவ்வளவு இல்லை. நோய் புகுந்தால் சில கிழமைகளில் ஓடையே காலியாகிவிடுகிறது. மிஞ்சியதை ஆற்றோடு தொடர்பில்லாத பழைய கற்குழிகளுக்கு மாற்றிக் காப்பாற்றப் பார்க்கிறார்கள்.

அக்காவுக்கு, குகைப் பக்கம் போகாதே என்று சொன்னால் போதும். நீதான் ஓடை ஓடையாக இறங்குகிறாய். சிங்கி இறால் நோயின் வித்து ஈரச் சப்பாத்திலும் வலையிலும் ஒட்டிக்கொண்டு அடுத்த ஓடைக்குப் போகும். கழுவி நன்றாகக் காயவைத்தால் செத்துவிடும். அங்கே வெயில் இல்லை என்று சாக்குச் சொல்லாதே. ஒரு சோடி காயும்வரை போட இன்னொரு சோடி வாங்கு. காசு போதாவிட்டால் அக்காவிடம் கேள், என்னிடம் வராதே.

அன்புடன்,
அப்பா