காணாமல் போனவரும் காப்பிக்கடைத் தீர்ப்பும்

ஆசிரியருக்கு வணக்கம்.

யாராவது காணாமல் போனதாகச் செய்தி வந்தால் போதும், சிங்கப்பூரின் தேக்கா வட்டாரத்தில் தேநீர் ஆறுவதற்குள் "யாரோ ஏதோ செய்துவிட்டார்கள்" என்று முடிவு கட்டிவிடுகிறோம். நீர்த்தேக்கத்துக் காட்டுப்பாதை, மழை வந்தால் சட்டென்று நிரம்பும் பெரிய கால்வாய், முதியவரின் மறதிநோய், இவையெல்லாம் யார் நினைவுக்கும் வருவதில்லை.

அதற்காக எல்லாமே விபத்துதான் என்றும் சொல்லவில்லை. 2007-ல் இங்கே ஓர் இளம்பெண் காணாமல் போனார், 2020-ல்தான் ஒருவர் கைதானார், முதலில் சுமத்தியது கொலைக் குற்றச்சாட்டு, ஆனால் 2022-ல் சிறைத்தண்டனை கிடைத்தது சடலத்தை மறைத்தது, போலிசிடம் பொய் சொன்னது போன்ற குற்றங்களுக்குத்தான். உடல் கிடைக்கவில்லை என்றால் சாவு எப்படி நேர்ந்தது என்று நிரூபிப்பது அவ்வளவு கஷ்டம். பொய் சொன்னார் என்பது சந்தேகத்துக்குக் காரணம், சரி, கொலைக்கு அதுவே சாட்சியாகிவிடுமா?

என்னைக் கேட்டால், கடைசியாக எங்கே பார்த்தார்கள், கைப்பேசி எப்போது அடங்கியது, வங்கிக் கணக்கில் பணம் எடுக்கப்பட்டதா என்பவைதான் முதலில் பார்க்க வேண்டியவை. காணாமல் போனவரின் கணவன் முகத்தில் சோகம் இருந்ததா இல்லையா என்பது (நம் ஆட்களுக்கு அதுதான் ரொம்பப் பிடிக்கும்) கடைசியில் வரட்டும். மரண விசாரணை அதிகாரியின் வேலைகூட சாவின் காரணத்தையும் சூழலையும் கண்டறிவதுதான், யார் குற்றவாளி என்று தீர்ப்பளிப்பது அல்ல.

அப்புறம், புகார் கொடுக்க 24 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்று இன்னும் பலர் நம்புகிறார்கள். தேவையில்லை, உடனே போலிசிடம் போகலாம்.

வாசகர், ஈசூன்