கையெழுத்து அதிகாரம் லேப்கிட்டயே இருக்கணும்

ஆசிரியருக்கு, அரசு ஆய்வகத்துல கண்டுபிடிச்சத கம்பெனிகளுக்கு கொடுக்க சட்டம் வேணும்னு நீங்க எழுதின தலையங்கம் படிச்சேன். சட்டம் வேணும்தான், ஆனா முடிவெடுக்கிற அதிகாரம் எங்க இருக்குங்கிறதுதான் முக்கியம். அமெரிக்காவுல 1980லயே ஸ்டீவன்சன்-வைட்லர் சட்டம் வந்து லேப்ல இதுக்குனு தனி ஆபீஸ் வைக்கச் சொல்லிச்சு, அது போதாம 1986ல இன்னொரு சட்டம் போட்டு, கம்பெனி கண்டுபிடிப்புக்காக லேப்புக்குக் கட்டுற ராயல்டில கண்டுபிடிச்சவங்களுக்கு குறைஞ்சது 15 சதவீதம், லேப் டைரக்டரே கம்பெனியோட கூட்டு ஆராய்ச்சி ஒப்பந்தம் போடலாம்னு வழி செஞ்சாங்க.

நான் வேலை பாத்த சின்ன கம்பெனி ஒரு அரசு லேப்ல அவங்க கண்டுபிடிப்ப பயன்படுத்த லைசென்ஸ் கேட்டுச்சு, விஞ்ஞானிக்கு கொடுக்க ரொம்ப ஆசை, பாவம் அவரே எங்களுக்கு போன் பண்ணி வருத்தப்படுவார், ஆனா ஃபைல் மேலிடத்துக்குப் போய் ஒன்றரை வருஷமா திரும்பி வரல, நாங்க அந்த ப்ராடக்டையே விட்டுட்டோம். அதனால புது சட்டம் எழுதறவங்க இந்த மாதிரி லைசென்ஸ்ல கையெழுத்து போடற அதிகாரத்த லேப்புக்கே கொடுக்கணும், மேலிடம் மறுக்கிறதா இருந்தா இத்தன நாளுக்குள்ள காரணத்தோட எழுத்துல சொல்லணும்னு கெடுவும் வைக்கணும்.