ஆண்டறிக்கை: ஓட்டோ கியர் பொக்ஸோடு போன வருடம்

தலைவர் அவர்களுக்கும் அங்கத்தவர்களுக்கும் வணக்கம்.

வழமையான விடயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். நம் பழைய கார்ச் சங்கத்தின் மாதாந்தக் கூட்டங்கள் பம்பலப்பிட்டியிலேயே நடந்தன. மழை மாதங்களில் வரவு குறைவு. நம்முடைய வைப்பர்களின் நிலைமை தெரிந்தவன் என்பதால் அதை ஒரு குறையாக எழுதவில்லை. கண்டிப் பயணத்தில் எல்லாக் கார்களும் கடுகண்ணாவை ஏற்றத்தைத் தங்கள் சொந்தச் சக்தியில் ஏறின. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

மிச்ச வருடத்தை ஒரே கார் விழுங்கிவிட்டது: வெள்ளவத்தை அங்கத்தவரின் ஒஸ்டின் ஏ60 கேம்பிரிட்ஜ். மொறிஸ் மைனர்காரர்கள் கொஞ்சம் கண் அயரலாம், உங்கள் காருக்குக் கம்பனி தானாக மாறும் ஓட்டோ கியரே கொடுக்கவில்லை. ஏ60 வாங்கியவர்கள் விரும்பினால் போர்க் வோர்னர் 35 என்ற, மூன்று கியர்கள் கொண்ட ஓட்டோ பொக்ஸைக் கேட்டுப் பெற முடிந்தது. இந்தக் கார் அப்படி வந்தது. முன் சீலில் ஒயில் கசிகிறது என்று பொக்ஸை இறக்கினார்கள். சீல் மாற்றுவது சின்ன வேலை. பிரச்சினை எல்லாம் திரும்ப ஏற்றும்போதுதான் தொடங்கியது.

எஞ்சினின் சுழற்சியை ஒயில் வழியாகப் பொக்ஸுக்குக் கடத்துவது டோர்க் கன்வேட்டர். அதன் கழுத்தில் உள்ள வெட்டுகள், பொக்ஸுக்குள் இருக்கும் ஒயில் பம்பின் பற்களோடு சரியாகக் கோர்க்க வேண்டும். உள்ளே போகும் ஷாஃப்டின் பற்களும் அதே நேரத்தில் பொருந்த வேண்டும். மெல்லச் சுற்றிச் சுற்றித் தள்ளினால் படிப்படியாக உள்ளே இறங்கும். பொக்ஸும் எஞ்சினும் முகத்தோடு முகம் கையால் தள்ளியே உட்கார வேண்டும். இடைவெளி இருந்தால் ஏதோ ஒன்று கோர்க்கவில்லை என்று பொருள். காரை முதலில் பார்த்த கராஜில் அந்த இடைவெளியை போல்ட்டை முறுக்கி மூடியிருக்கிறார்கள். போல்ட்டுக்கு என்ன, இழுக்கச் சொன்னால் இழுக்கும். பம்பின் பல் உடைந்தது. ஸ்டார்ட் ஆன கார் எந்தக் கியரிலும் அசையவில்லை, உரிமையாளரிடம் "பொக்ஸ் முடிஞ்சுது ஐயா, வேற ஒண்டு பாருங்கோ" என்று சொல்லியும் விட்டார்கள்.

பொக்ஸ் ஒன்றும் முடிந்துபோகவில்லை. பழைய கார்ப் பாகங்கள் விற்கும் பஞ்சிகாவத்தையில் அலைந்து கழற்றிய பொக்ஸ் ஒன்றிலிருந்து பம்ப் எடுத்தோம். இரண்டாம் தடவை நம் ஆட்களே ஏற்றினார்கள். பொக்ஸின் பாரத்தை ஒரு கணமும் ஷாஃப்டில் தொங்கவிடாமல் ஜாக்கில் தாங்கிப் பிடித்தபடி வேலை நடந்தது. தொங்கினால் புதுச் சீல் கிழியும், பிறகு கசிவு முதலிலிருந்து.

அப்புறமும் கார் நகர மறுத்தது! எஞ்சினை நிறுத்தி வைத்தபடி டிப் ஸ்டிக்கின் மேல் கோடு வரை ஒயில் ஊற்றியிருந்தோம். வெறுமையாக இருந்த கன்வேட்டர், எஞ்சின் ஓடியதும் அதில் பெரும்பகுதியை உறிஞ்சிக்கொண்டது. பம்ப் காற்றைக் குடித்தது. இந்தப் பொக்ஸ் கன்வேட்டரோடு சேர்த்து ஆறு லீற்றருக்கு மேல் பிடிக்கும். கொஞ்சம் ஊற்றி, ஸ்டார்ட் செய்து, ஒவ்வொரு கியருக்கும் நெம்பைக் கொண்டுபோய் வந்து, பிறகு மிச்சத்தை ஊற்ற வேண்டும். அளவு பார்ப்பது சூடான பிறகு, எஞ்சின் ஓடும்போது, நெம்பு பார்க் நிலையில் இருக்க. கூடிப்போனாலும் ஆபத்து: கியர்கள் கடைந்து நுரையாக்கிவிடும், நுரையால் அழுத்தம் கொடுக்க முடியாது. ஒயிலும் டைப் எஃப் வகையாக இருக்க வேண்டும். கடையில் கைக்கு வருவது டெக்ஸ்ரன் என்ற வேறு வகை. அதன் வழுக்கும் குணம் அந்தக் காலத்துக் கிளச்சுகளுக்கு ஒத்துவராது.

அடுத்து, இரண்டிலிருந்து மூன்றுக்கு மாறும்போது எஞ்சின் வீணாக உறுமியது. கிளச் தேய்ந்துவிட்டது என்று மீண்டும் பொக்ஸை இறக்கச் சொன்னவர்கள் நம்மிலும் இருந்தார்கள். காரணம் காபரேட்டரிலிருந்து இறங்கும் கிக்டவுன் கேபிள். அதன் பெயரைக் கேட்டால் கியரை இறக்க மட்டும்தான் என்று தோன்றும். ஆனால் ஒயில் அழுத்தத்தையும் அதுவே கூட்டிக் குறைக்கிறது. தளர்வாக இருந்தால் அழுத்தம் விழுந்து கிளச் வழுக்கும், வழுக்கினால் எரியும். இறுக்கமாக இருந்தால் கியர் பிந்தி, அடித்து மாறும். கேபிளைச் சரிசெய்ததும் உறுமல் போய்விட்டது.

பார்க்கில் ஸ்டார்ட் ஆகாதது சின்ன விடயம்தான். பொக்ஸின் பக்கத்தில் திருகி நிற்கும் சுவிட்சில் ஸ்டார்ட்டருக்கு இரண்டு, ரிவேர்ஸ் லைட்டுக்கு இரண்டு என நான்கு முனைகள். வயர்கள் மாறியிருந்தன. ஸ்டார்ட் ஆகவில்லை என்று இந்தச் சுவிட்சை வயரால் இணைத்து ஏமாற்றாதீர்கள். கியரில் இருக்கும்போது ஸ்டார்ட் ஆனால் கார் பாய்ந்துவிடும்.

இதனால் நிர்வாகக் குழு இரண்டு விடயங்களைச் சபையின் முன் வைக்கிறது. ஒன்று, நீளமான ஹோஸோடு 300 பிஎஸ்ஐ வரை காட்டும் அழுத்தக் கேஜ் ஒன்றைச் சங்கச் செலவில் வாங்குவது. அது இருந்திருந்தால் கேபிள் சண்டை ஒரு பின்னேரத்தில் முடிந்திருக்கும். கேஜை எடுப்பவர்கள் பிரேக்கை மிதித்தபடி முழு எக்ஸிலறேட்டர் கொடுத்துப் பார்க்கும் சோதனையைப் பத்து விநாடிக்கு மேல் செய்யக் கூடாது; கன்வேட்டரில் ஒயில் கொதித்துவிடும். மற்றது, எந்த அங்கத்தவரின் ஓட்டோ பொக்ஸையும் இறக்குவதற்கு முன் ஒயில், கேபிள், நெம்பு இணைப்பு, சுவிட்ச் ஆகியவற்றை இன்னோர் அங்கத்தவர் கூடநின்று பார்ப்பது. வெள்ளவத்தை அங்கத்தவர் இரண்டையும் முன்மொழியச் சம்மதித்திருக்கிறார், வழிமொழிய ஒருவர் தேவை.

செயலாளர்