க்ரெசிடா வீட்டுக்கு வந்துவிட்டது

தொங்காட், தென்னாப்பிரிக்கா,
ஞாயிறு மாலை

அன்புள்ள தனா,

உன் அப்பாவின் டொயோட்டா க்ரெசிடா கார் நேற்று பெயிண்ட் வேலை முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டது. போனில் சொன்னால் பாதியிலேயே குறுக்கே பேசுவாய், அதனால்தான் கடிதம். இங்கே எல்லாரும் சுகம். சின்னாக்காவுக்கு முட்டி வலி குறைந்திருக்கிறது, உன்னைத் திட்டுவது குறையவில்லை. பேக்கரி மாமா கடையை மகனிடம் ஒப்படைத்துவிட்டு, விடிந்ததும் அங்கேயே போய் உட்கார்ந்துகொள்கிறார். மூன்றாம் கியர் கதையை உன் மகளிடம் இதுவரை நான் சொல்லவில்லை. சொல்வதும் சொல்லாமல் இருப்பதும் உன் கையில் இருக்கிறது.

நிறம் அதே வெளிர் தங்கம்தான். வண்டித் தகடு தட்டிப் பெயிண்ட் அடிக்கும் நம் பேனல் பீட்டர் கெட்டிக்காரர். பெட்ரோல் மூடிக்கு உட்புறம் வெயிலே படாத பழைய பெயிண்ட் கொஞ்சம் இருந்தது. அதைத் துடைத்து, பக்கத்தில் வைத்துப் பார்த்துப் பார்த்துத்தான் கலந்தார். கூரையிலும் பானட்டிலும் கிளியர் கோட், அதாவது நிறத்துக்கு மேலே அடிக்கும் நிறமில்லாத பூச்சு, திட்டுத்திட்டாக வெளுத்து, நகத்தால் சுரண்டினால் செதிலாக வரும் நிலையில் இருந்ததே, ஞாபகம் இருக்கிறதா? அந்த நிலைக்கு வந்த பிறகு மேலே எதைப் பூசினாலும் பிரயோஜனம் இல்லை. அதனால்தான் முழுவதையும் தேய்த்து எடுத்து மறுபடி அடிக்க வேண்டியதாயிற்று. இன்னொரு தடவை அந்தக் கதி வரக்கூடாது. அதற்குத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

"செராமிக் பூச்சு அடித்துவிடு, ஐந்து வருஷத்துக்குக் கவலை இல்லை" என்று எழுதியிருந்தாய். உன் கூட்டாளி கேட்ட தொகைக்கு இரண்டு வண்டிக்கு டயர் மாற்றலாம். காசை விடு. பெயிண்டின் மேல் கண்ணாடி போல இறுகும் அந்த செராமிக் திரவம் நல்ல பொருள்தான், ஒழுங்காகப் பூசினால் இரண்டு மூன்று வருஷம் நிற்கும். ஆனால் அது தூசி இல்லாத மூடிய அறையில் பூச வேண்டியது. நம் வீட்டுக் கார் ஷெட்டுக்கு மூன்று பக்கமும் சுவரே கிடையாது. ஏப்ரலில் சர்க்கரை ஆலை ஓடத் தொடங்கினால் டிசம்பர் வரை கரும்புக் காட்டில் தீ வைத்துக்கொண்டே இருக்கிறார்கள், கரி நம் தலையில் விழுகிறது. நேற்று ராத்திரி நிறுத்திய வண்டியில் இன்று காலை விரல் நீளத்துக்கு மெல்லிய கருப்புச் சுருள்கள். ஊதினால் பறக்கும், தொட்டால் பொடியாகிப் பெயிண்டில் இழுபடும். அப்படி ஒன்று ஈரமான செராமிக்கில் வந்து உட்கார்ந்தால் அங்கேயே இறுகிவிடும், அப்புறம் பாலிஷ் போட்டுத்தான் எடுக்க வேண்டும். நம் ஊர்ப் புழுக்கத்தில் அது இறுகுகிற வேகமும் அதிகம். துடைப்பதற்குள் திட்டு விழுந்துவிடும்.

டப்பாவில் 9ஹெச் என்று போட்டிருப்பதைப் பார்த்து மயங்காதே. அது பென்சிலால் கீறிப் பார்க்கும் சோதனையின் அளவு. கிளியர் கோட்டே சாதாரணமாக 40, 50 மைக்ரான்தான் (ஆயிரம் மைக்ரான் ஒரு மில்லிமீட்டர்). செராமிக் அதன் மேல் ஒன்றிரண்டு மைக்ரான் இருந்தால் அதிகம். லாரி தெறிக்கும் கல்லை அது நிறுத்தாது, உங்கள் ஜோஹன்னஸ்பர்க் ஆலங்கட்டியையும் நிறுத்தாது.

உன் அப்பாவின் மஞ்சள் மெழுகு டப்பா இன்னும் என் அலமாரியில் இருக்கிறது. அந்தப் பளபளப்புக்கு ஈடு கிடையாது, ஒத்துக்கொள்கிறேன். பிரேசில் பனை மரத்து இலையிலிருந்து எடுக்கிற கார்னாபா மெழுகு. ஆனால் நம் வெயிலிலும் கடற்காற்று உப்பிலும் ஒன்றிரண்டு மாதத்துக்கு மேல் தங்காது. அவர் சனிக்கிழமைதோறும் வண்டியோடு இருந்தார், தாங்கியது. எனக்கு அந்த நேரம் இல்லை.

ஆக, என் முடிவு பாலிமர் சீலன்ட், மெழுகு போலக் கையால் பூசும் செயற்கைப் பூச்சு. நான்கிலிருந்து ஆறு மாதம் நிற்கும், வருஷத்துக்கு இரண்டு தடவை போட்டால் போதும். நான் என் கையாலேயே போடலாம், தப்பாகப் போனாலும் துடைத்துவிட்டு மறுபடி பூசலாம். பூசுவதை விட அதற்கு முந்தைய வேலைதான் பெரிது. கழுவ வேண்டும், ஒட்டியிருக்கும் துகளை வண்டிக்கென்றே விற்கும் களிமண் கட்டியால் (கிளே பார்) வழுக்கி எடுக்க வேண்டும், பிறகு ஐசோப்ரோபில் ஆல்கஹாலால் எண்ணெய்ப் பசையைத் துடைக்க வேண்டும். கீழே மெழுகு இருந்தால் சீலன்ட் பிடிக்காது. மேலே மெழுகு போடலாம். எனவே அப்பாவின் டப்பா வீணாகாது. தைப்பூசத்துக்கு முந்தின நாள் அதையும் ஒரு கை போடுவேன்.

ஆனால் உடனே எதையும் பூசக்கூடாது. புதுப் பெயிண்டில் இருக்கும் கரைப்பான் ஆவியாகி வெளியேற வேண்டும். ஒரு மாதம் முதல் மூன்று மாதம் வரை விடச் சொல்வார்கள், நம் பேனல் பீட்டர் இரண்டு மாதம் சொன்னார். கணக்குப் பார்த்தால் ஜனவரி. கரும்புத் தீயும் அதற்குள் நின்றிருக்கும். அதுவரை காலையில் எழுந்ததும் முதலில் தண்ணீரை மெதுவாக விட்டுக் கரியைக் கழுவித் தள்ளுகிறேன், துணி பிறகுதான். பாத்திரம் கழுவும் சோப்பு பக்கமே வராது. ஹாடீடாப் பறவைகள் எதிர்வீட்டு மாமரத்தில் கூடு கட்டியிருக்கின்றன. அந்தப் பறவை எச்சம் வெயிலில் காய்ந்தால் கிளியர் கோட்டில் வடு விழுந்துவிடும், எந்த சீலன்ட்டும் கொஞ்ச நேரம்தான் தாக்குப்பிடிக்கும். அதனால் ஈரத்துணியோடு வாசலில் நிற்கிறேன். பூஜை போடும்போதும் சந்தனம் குங்குமம் நம்பர் பிளேட்டில்தான், பானட்டில் மஞ்சள் பட விடமாட்டேன். சின்னாக்கா கோபித்துக்கொண்டாள்.

தனா, போன தடவை "விற்றுவிடேன், யாராவது நல்ல விலை தருவார்கள்" என்று சொன்னாய். நான் அப்போது பதில் சொல்லவில்லை. என் தங்கச்சி கல்யாணத்துக்கு அந்த வண்டியில்தான் போனாள். என் அம்மாவை ஆஸ்பத்திரிக்கு நடுராத்திரியில் கொண்டுபோனதும் அதிலேதான், உன் அப்பா பைஜாமாவோடு ஓட்டிக்கொண்டு வந்தார். அவர் ஒரு நாளும் அதைச் சொல்லிக் காட்டியதில்லை. உனக்குக் காசு வேண்டுமென்றால் நேராகக் கேள், நான் ஏற்பாடு செய்கிறேன். வண்டியை மட்டும் விற்கச் சொல்லாதே.

ஜனவரியில் லீவு போட்டுக்கொண்டு வா. வெயில் ஏறும் முன் காலையில் ஆளுக்கு ஒரு பக்கமாகப் பூசினால் பத்து மணிக்குள் முடிந்துவிடும். அப்புறம் ஒரு நாள் முழுக்க வண்டி நனையக்கூடாது, அதற்குத் தார்ப்பாய் வாங்கி வைக்கிறேன். மைக்ரோஃபைபர் துணி உங்கள் ஊரில் மலிவு என்கிறார்கள், ஒரு கட்டு வாங்கி வா. ஓரம் தைக்காத துணியாகப் பார், தையல் நூல் கீறும். டிக்கியின் இரண்டாவது சாவி உன்னிடம்தான் இருக்க வேண்டும், இங்கே எங்கும் கிடைக்கவில்லை. அதையும் தேடி எடுத்து வை.

அன்புடன்,
கோபால்